ஷென்டன் வேயில் ஒலித்த ஆப்பிரிக்கக் குரல்

பொங்கோலில் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கும் தமிழ் இளையர் கூட்டத்தில், சடைமுடியும் சிரித்த முகமுமாக ஒருவரின் படம் பதித்த டீ-சட்டையை எப்போதாவது பார்க்கலாம். படத்தில் இருப்பவர் ஜமைக்காவின் பாப் மார்லி. சுற்றிலும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள். இவர் யார் என்று அந்த இளையரைக் கேட்டால், ரெகே பாடகர் என்பார். கடற்கரை, விடுமுறை, கவலையில்லாத மனம் என்று மேலும் இரண்டு வார்த்தை சொல்வார். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் முகத்தைச் சுளித்து, கஞ்சா என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்வார்கள்.

இரண்டு பதிலும் சேர்ந்தாலும் பாதிக் கதைகூடத் தேறாது. அந்த மூன்று நிறங்களும் எத்தியோப்பியக் கொடியின் நிறங்கள். 1896-ல் அட்வா போரில் இத்தாலியப் படையை முறியடித்த நாடு அது. ஆப்பிரிக்காவின் மற்ற பகுதிகளை ஐரோப்பியர் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில் தலைநிமிர்ந்து நின்றதால், உலகெங்கும் சிதறிக் கிடந்த கறுப்பின மக்களுக்கு அதன் கொடி நம்பிக்கையின் அடையாளம் ஆனது. அந்த நாட்டின் தலைநகரான அடிஸ் அபாபாவில்தான் 1963 மே 25-ஆம் தேதி, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கின. அதனால்தான் மே 25 ஆப்பிரிக்க விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ரெகே அந்த விடுதலைக்காகப் பாடிய இசை.

இதில் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. ஆப்பிரிக்க விடுதலைக் கதையின் சூடான அத்தியாயம் ஒன்று சிங்கப்பூரிலேயே, தஞ்சோங் பகார் பக்கம் ஷென்டன் வே மாநாட்டு மண்டபத்தில் நடந்தது. அதே கதையில் தமிழர்கள் சிறை சென்றார்கள், உயிரையும் விட்டார்கள். ஆப்பிரிக்கர்களோடு மோதிக்கொள்ளவும் செய்தார்கள். கடைசியாகச் சொன்னதை மறைத்துவிட்டு முதல் இரண்டை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

ஒன்பது நாள் வாக்குவாதம்

1971 ஜனவரி 14 முதல் 22 வரை காமன்வெல்த் அரசாங்கத் தலைவர்கள் கூட்டம் சிங்கப்பூரில் நடந்தது. அந்தப் பெயரில் நடந்த முதல் கூட்டம் அதுவே. சிங்கப்பூர் தனிநாடாகி ஐந்தரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிரதமர் லீ குவான் யூ தலைமை வகித்தார். வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915-ல் பிறந்து, சிரம்பானில் வளர்ந்த தமிழர்.

கூட்டம் கூடுவதற்கு முன்பே தகராறு தொடங்கிவிட்டது. 1970 ஜூனில் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த எட்வர்ட் ஹீத், தென்னாப்பிரிக்காவுக்கு மீண்டும் ஆயுதம் விற்கத் தயார் என்ற நிலையை எடுத்தார். இந்தியப் பெருங்கடலில் சோவியத் கடற்படை பெருகிவருகிறது, கப்பல் பாதையைக் காக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஆப்பிரிக்கத் தலைவர்களின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நிறவெறி ஆட்சியின் கையில் கொடுக்கும் துப்பாக்கி கடலைப் பார்த்துக்கொண்டா இருக்கும் என்று அவர்கள் கேட்டார்கள். ஸாம்பியாவின் கென்னத் கவுண்டா, தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே, உகாண்டாவின் மில்டன் ஒபோட்டே மூவரும் கடுமையாக எதிர்த்தார்கள். காமன்வெல்த் உடைந்துபோகும் என்றே பலர் எண்ணினர்.

விருந்து வைத்தவருக்கும் தர்மசங்கடம் இருந்தது. பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு சிறு படையையாவது விட்டுவைக்க ஹீத் அரசாங்கம் இசைந்திருந்தது. அவரைப் பகைத்துக்கொள்வது சிங்கப்பூருக்கு எளிதல்ல. மறுபக்கம், ஆப்பிரிக்கர்களைக் கைவிடவும் முடியாது. 1964 தொடக்கத்தில் மலேசியாவின் சார்பாக லீ குவான் யூ 35 நாளில் 17 ஆப்பிரிக்கத் தலைநகரங்களுக்குச் சென்று வந்தவர். எதிரே அமர்ந்திருந்தவர்களில் பலர் அவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள்.

பல நாடுகளும் இனங்களும் ஒரே மேசையில் அமர்ந்து வாதிட்டதன் பலனாக ஓர் ஆவணம் பிறந்தது. கவுண்டா கொண்டுவந்த வரைவைத் திருத்தி, சில இடங்களில் தணித்து, ஜனவரி 22-ஆம் தேதி ஏற்றுக்கொண்டார்கள். அதுவே காமன்வெல்த் கோட்பாடுகள் பற்றிய சிங்கப்பூர்ப் பிரகடனம். நிறத்தையும் இனத்தையும் வைத்து மனிதரைத் தாழ்த்துவதை அது ஒரு நோயாகவும் சமுதாயத் தீமையாகவும் கண்டித்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1966-ல், சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை வரைந்தவர் ராஜரத்தினம். இனம், மொழி, சமயம் என்ற வேற்றுமைகளைக் கடந்து ஒன்றுபடுவதாகப் பள்ளிப் பிள்ளைகள் காலைதோறும் சொல்லும் அந்த உறுதிமொழியையும் இந்தப் பிரகடனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இரண்டும் ஒரே கவலையில் பிறந்தவை என்பது தெரியும்.

ஆயுதப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. கடல்பாதைப் பாதுகாப்பை ஆராய எட்டு நாடுகள் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். இந்தியா, மலேசியா, கென்யா, நைஜீரியா ஆகியவற்றோடு ஜமைக்காவும் அதில் ஒன்று. அடுத்த மாதமே தென்னாப்பிரிக்காவுக்கு ஹெலிகாப்டர்கள் விற்கப்போவதாக பிரிட்டன் அறிவிக்க, நைஜீரியா வெளியேறியது. குழு கூடாமலே கலைந்தது. ஆனால் பிரகடனம் நின்றது.

ஒபோட்டேயின் கதைதான் இதில் பரிதாபம். சொந்த நாட்டில் நிலைமை சரியில்லை என்று அவர் சிங்கப்பூருக்கு வரத் தயங்கினார். ஆயுத விவகாரத்தில் குரல் கொடுக்க வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தியதால் வந்தார். கூட்டம் முடிந்த மூன்றாம் நாள், ஜனவரி 25-ஆம் தேதி, அவர் ஊர் போய்ச் சேருமுன் இடி அமீன் ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். இதில் ஒரு விநோதப் பொருத்தமும் உண்டு. 1966 ஜனவரியில் ரொடீஷியா விவகாரம் பற்றிப் பேச லாகோஸில் காமன்வெல்த் கூட்டம் கூடியபோதும், முடிந்த சில நாட்களில் இராணுவப் புரட்சி வெடித்து, விருந்தளித்த நைஜீரியப் பிரதமரே கொல்லப்பட்டார். சிங்கப்பூரிலிருந்து நாடு திரும்ப முடியாத ஒபோட்டேயின் இடத்தில் அமர்ந்த அமீன், 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு விதித்தார். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றன.

ஹராரேயில் ஒரு நள்ளிரவு

சிங்கப்பூரில் தொடங்கிய வாக்குவாதம் 1979 ஆகஸ்டில் ஸாம்பியாவின் லுசாக்காவில் நடந்த காமன்வெல்த் கூட்டத்தில் பலன் தந்தது. அப்போது தலைமைச் செயலாளராக இருந்தவர் கயானாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர் ஷ்ரீதத் ராம்பால். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர். லுசாக்காவில் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியே லண்டனில் பேச்சு நடந்து, டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1980 ஏப்ரல் 18-ல் ரொடீஷியா மறைந்து ஸிம்பாப்வே பிறந்தது.

அந்த இரவில் ருஃபாரோ விளையாட்டரங்கில் பாடியவர் பாப் மார்லி. முந்திய ஆண்டு வெளியான தம் இசைத்தொகுப்பில் ஸிம்பாப்வே என்ற பெயரிலேயே ஒரு பாட்டைச் சேர்த்திருந்தார். காட்டில் மறைந்து போரிட்டவர்கள் அதை ஒலிநாடாவில் கேட்டுவந்தார்கள். அழைப்பு வந்ததும், கருவிகளையும் ஒலிபெருக்கிகளையும் தம் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அரங்கில் இளவரசர் சார்ல்ஸ், இந்திரா காந்தி போன்ற விருந்தினர்கள். வெளியே, எந்தப் போராளிகளுக்காக அந்தப் பாட்டு எழுதப்பட்டதோ அவர்களும் சாதாரண மக்களும் நுழைய முடியாமல் நின்றார்கள். அவர்கள் வாயிலை நெருக்கித் தள்ள, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. புகை மேடை வரை வந்து இசை நின்றது. சிறிது நேரம் கழித்து மார்லி மீண்டும் பாடினார். விட்டுப்போனவர்களுக்காக மறுநாளும் பாடினார். விடுதலையின் முதல் இரவிலேயே, வேலிக்கு உள்ளே யார், வெளியே யார் என்ற கேள்வி எழுந்துவிட்டது. அன்று பிரதமரான ராபர்ட் முகாபே 2017 வரை பதவியில் ஒட்டிக்கொண்டிருந்ததும், 1980களிலேயே மட்டபெலேலாந்து மக்கள் மீது படையை ஏவியதும் பின்னால் வந்த சோகங்கள்.

மார்லி மறு ஆண்டு, 1981 மே 11-ல், 36 வயதில் இறந்தார். சிங்கப்பூரில் அவர் பாடியதில்லை. 1979-ல் ஜப்பானுக்கும் நியூஸிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர் இந்தத் தீவில் கால் வைக்கவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்துபார்க்கலாம்! ஆண்கள் நீளமுடி வளர்ப்பதை அரசாங்கம் கண்டித்த காலம் அது. நீளமுடிக்காரர்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்தது. 1972-ல் லெட் ஸெப்லின் குழுவினரே முடியினால் இங்கே மேடையேற முடியாமல் போனது. இனவெறிக்கு எதிராகப் பிரகடனம் தந்த ஊரில், அந்தப் பிரகடனத்தின் பொருளைப் பாடிய மனிதர் முடிதிருத்தும் கடைக்குப் போய்வர வேண்டியிருந்திருக்கும். ரெகே இங்கே வந்தது ஒலிநாடா வழியாகத்தான். பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் சசி த டான் போன்ற தமிழர் அதையே தம் இசையாக எடுத்துக்கொண்டது பிற்காலத்துக் கதை.

கூலிக் கப்பலில் போன சொற்கள்

ரெகேயின் பின்னால் இருக்கும் ராஸ்தஃபாரி நெறியில் இந்தியக் கலப்பு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய வெள்ளையர், 1845 மே மாதம் முதல் கப்பலில் இந்தியர்களை ஜமைக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓல்ட் ஹார்பரில் இறங்கியவர்கள் சுமார் 260 பேர். அடுத்த எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 36,000 பேர் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னையில் கப்பலேறியவர்களும் ஒரு பகுதியினர். விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களும் ஒப்பந்தக் கூலிகளும் ஒரே தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடித்தார்கள். கஞ்சா என்ற சொல் ஜமைக்காவுக்குப் போனது இந்தியர் வாய்வழியாகத்தான். (இதை யாரும் நம் பண்பாட்டுக் கொடை என்று மார்தட்ட வேண்டாம். சிங்கப்பூர்ச் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பது ஊரறிந்த செய்தி.)

அதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1930 நவம்பரில் முடிசூடியபோது, அவரே கறுப்பின மக்களின் மீட்பர் என்று ஜமைக்காவில் முதலில் போதித்தவர்களில் ஒருவர் லெனர்ட் ஹோவெல். அவர் 1930களில் எழுதிய சிறுநூலுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ஜி.ஜி. மராக். மராக் என்பது மகராஜ் என்பதன் ஜமைக்கா உச்சரிப்பு. ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்பிய ஒரு சமய இயக்கத்தின் முன்னோடி, அதற்காகத் தேர்ந்துகொண்டது ஓர் இந்தியப் பெயர்! சடைமுடியும் சாதுக்களிடமிருந்து வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. கென்யாவின் மாவ் மாவ் போராளிகளைக் காட்டுவோரும் உண்டு. பெயர் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை.

பக்கத்துக் கயானாவில் தமிழ்த் தடம் இன்னும் தெளிவு. அங்கே மதராஸிகள் என்று அழைக்கப்படும் மக்களின் காளியம்மன் பூசையில் இன்றும் தப்பு முழங்குகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரும் அந்தக் கோயில்களுக்கு வருகிறார்கள். ஊரில் தீண்டாமையோடு ஒட்டிவைத்த கருவி, கடல் கடந்த இடத்தில் தெய்வத்தை அழைக்கும் கருவியாக, எல்லாருக்கும் பொதுவாக ஆகிவிட்டது.

டர்பன் தரும் பாடம்

தென்னாப்பிரிக்காவுக்கு முதல் கூலிக் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 342 பேர். அந்த வழிவந்த போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் பெயரைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. ஜொகானஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண், 1913 சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் உயிர் விட்டார். காந்தியின் வலக்கையாக இருந்தவர் மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு. அவருடைய பேரன் இந்திரேஸ் நாயுடு 1963-ல் கைதாகி, மண்டேலா இருந்த ராபன் தீவில் பத்தாண்டு கழித்தார். பாட்டன் தொடங்கிப் பேரன் வரை சிறைக் கதவைத் தட்டிய குடும்பம்.

ஆனால் பாட்டன் போனதற்கும் பேரன் போனதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1913 போராட்டம் இந்தியர் மீதான மூன்று பவுன் வரியையும், இந்தியத் திருமணங்களை மறுத்த நீதிமன்றத் தீர்ப்பையும் எதிர்த்தது. ஆப்பிரிக்கரின் உரிமை அதன் கோரிக்கைப் பட்டியலில் இல்லை. கறுப்பினத்தவரோடு சேர்த்து எண்ணப்படுவதே அவமானம் என்று நினைத்த இந்தியர்களும் அன்று இருந்தார்கள். கைகள் முறையாக இணைந்தது 1947 மார்ச்சில்தான். ஆப்பிரிக்கக் காங்கிரஸின் சூமா, இந்தியக் காங்கிரஸின் மாண்டி நாயக்கர், யூசுஃப் தாதூ ஆகியோர் கூட்டு ஒப்பந்தம் செய்தார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் அது டாக்டர்கள் ஒப்பந்தம் என்று பெயர் பெற்றது.

இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1949 ஜனவரி 13-ல் டர்பனில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரம் மூன்று நாள் நீடித்து, 142 உயிர்களைப் பறித்தது. இந்தியர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாடகை, பேருந்து, கடைக்கடன் என்று அன்றாடம் இந்தியரையே எதிரே கண்ட ஏழை ஆப்பிரிக்கருக்கு, சட்டம் எழுதிய வெள்ளையர் கண்ணில் படாத தூரத்தில் இருந்தார்கள். அந்தப் புண் ஆறுமுன்பே, 1952-ல் இரு காங்கிரஸும் சேர்ந்து சட்டமறுப்பு நடத்தி 8,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள் என்பதை நினைத்தால், தலைவர்களின் மனவுறுதி புரியும். இந்திரேஸ் நாயுடு சிறை சென்றது இந்தப் பாதையில் நடந்ததால்தான். பேருந்து ஓட்டுநரின் மகளாக டர்பனில் பிறந்த நவநீதம் பிள்ளை, சட்டம் பயின்று நிறவெறிச் சட்டத்தில் சிக்கியவர்களுக்காக வாதாடி, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாட்டு மனித உரிமை ஆணையராக இருந்ததும் இதே பாதையின் நீட்சி.

அங்கே ரெகேயும் சும்மா இருக்கவில்லை. ஸூலு இனப் பாடகர் லக்கி டூபேயின் முதல் ரெகே தொகுப்பு 1984-ல் வந்தபோது நிறவெறி அரசு அதைத் தடை செய்தது. பின்னர் அவர் உலகப் புகழ் பெற்றார். 2007 அக்டோபரில் ஜொகானஸ்பர்க் சாலையில் கார் திருட வந்தவர்களின் குண்டுக்குப் பலியானார்.

கயா

சிங்கப்பூரைப் போலவே சிறிய தீவு, துறைமுகம், பல இன மக்கள் என்று ஒப்பிடத்தக்கது மொரீஷியஸ். 1730களில் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் அங்கே போய் போர்ட் லூயிஸ் நகரைக் கட்ட உதவினார்கள். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் அங்கே வளர்த்த இசை சேகா. அதோடு ரெகேயைக் கலந்து சேகே என்ற புது இசையைப் பரப்பியவர் ரோஷ் புவா என்ற ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்த பாடகர். இயற்பெயர் ஜோசஃப் ரெஜினால்ட் தோபீஸ். மார்லியின் 1978-ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டு கயா ஆனார்.

1998 இறுதியில் மொரீஷியஸ் தமிழர்கள் வீதிக்கு வந்தார்கள். புதிய பணத்தாள்களில் தமிழ் எழுத்து வழக்கமான இடத்திலிருந்து இந்திக்குக் கீழே இறக்கப்பட்டிருந்தது. அரசாங்கம் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தமிழர்களுக்கு அது வெற்றி. சில மாதங்களில், 1999 பிப்ரவரி 16-ல் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியில் கஞ்சா புகைத்தார் என்று கயா கைது செய்யப்பட்டார். பிப்ரவரி 21 காலை போலீஸ் காவலில், சிறைக் கொட்டடியில் அவர் பிணமாகக் கிடந்தார். தலையில் காயங்கள். ரோஷ் புவா கொதித்தெழுந்து, தீவு முழுதும் நாள்கணக்கில் எரிந்தது. கலவரத்தின்போது பெர்ஜே அகாத் என்ற இன்னொரு சேகே பாடகர் போலீஸ் குண்டுபட்டு இறந்தார். முதலில் போலீஸ் நிலையங்களைத் தாக்கிய கோபம், பிறகு இந்திய வம்சாவளியினருக்கும் கிரியோல் மக்களுக்கும் இடையிலான மோதலாகத் திரும்பியது. டர்பன் கதை ஐம்பது ஆண்டு கழித்து வேறொரு தீவில் தலைகாட்டியது. எழுத்தின் இடத்துக்காகப் போராடியவர்களின் குரல் கேட்கப்பட்ட நாட்டில், தங்கள் குரல் எங்கே கேட்கிறது என்று கிரியோல் மக்கள் கேட்டதில் தவறு காண முடியாது.

2001 முதல், அடிமை முறை ஒழிந்த பிப்ரவரி 1 அங்கே பொது விடுமுறை. தைப்பூசமும் பொது விடுமுறை. சில ஆண்டுகளில் இரண்டும் ஓரிரு நாள் இடைவெளியில் வந்துவிடுகின்றன. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த ல மோர்ன் மலையடிவாரத்தில் ஒரு கூட்டம் முன்னோருக்கு மலர் வைக்கிறது. முருகன் கோயில்களுக்கு இன்னொரு கூட்டம் காவடி எடுத்துப் போகிறது. அந்தக் காவடிகளின் பின்னால் கிரியோல் முகங்களும் நடக்கின்றன.